பச்சை மேலே, பழி கீழே

அத்தியாயம் 9

"போர்டைப் பார்த்துத்தான் வந்தோம்" என்று யாராவது சொன்னால் வீரணனுக்குச் சிரிப்பு வரும். கீழமாசி வீதிச் சந்தில், பஞ்சர் கடைக்கு மேலே, அவன் அலுவலக வாசலில் ஒரு தகர போர்டு தொங்குவது உண்மை. 'வீரணன் துப்பறியும் நிலையம்' என்று அதில் எழுதச் சொன்னதும் உண்மை. ஆனால் பெயிண்டர் சங்கிலி எழுதிய அன்றே எழுத்து மங்கிப்போய்விட்டது. நாலு வருசமாக அது வெறும் தகரம். மட்டமான பெயிண்டை அடித்து ஏமாற்றிவிட்டான் என்று சங்கிலியை நடுத்தெருவில் வைத்து வாய்க்கு வந்தபடி திட்டினான் வீரணன். அதோடு இருபது வருச சிநேகிதம் முடிந்தது.

2003 ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை காலை. போர்டு எதையும் பார்க்காமல் படியேறி வந்தாள் ராமக்காள். வீரணனின் தங்கை.

"அண்ணே, உன் மாப்ளயப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்கப் போறாகளாம்."

"கண்ணுச்சாமியையா? அவன் கொசு அடிக்கக்கூட யோசிப்பானே!"

"கொசுவ அடிச்சாத்தான் யாரு கேக்கப்போறா? கொடியத் தலைகீழா ஏத்திப்புட்டாராம்."

விசயம் இதுதான். கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ராமக்காளின் புருசன் கண்ணுச்சாமி முப்பத்தோரு வருசமாகப் பியூன். இந்த மாதக் கடைசியில் ஓய்வு. வெள்ளிக்கிழமை சுதந்திர தினத்துக்கு வழக்கம்போல அவர்தான் கொடியை மடித்துக் கட்டினார். சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்தார். பூ கொட்டியது. பிள்ளைகள் கை தட்டின. கொடி விரிந்தது. பச்சை மேலே, காவி கீழே. கை தட்டல் பாதியில் நின்றது.

"இன்னிக்கு நாலு மணிக்கு விசாரணையாம். குத்தம் அவருதுன்னு எழுதிட்டா சஸ்பெண்டு, போலீஸ் கேஸு. முப்பத்தோரு வருசம் மணியடிச்ச மனுசன் திருடனாட்டம் வெளிய வரணுமா? மூணு நாளாச் சோறு எறங்கல. நீ என்னமோ துப்பறியிறவனாமே, அறி."

மூலையில் துணி வெட்டிக்கொண்டிருந்த நாகமணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

நாகமணிதான் வீரணனின் உதவியாளர். சௌராஷ்டிரப் பெண், நாற்பது வயது. தெற்கு மாசி வீதியில் ஒரு கடைக்குக் கொடி தைத்துக் கொடுப்பது அவள் நிஜத் தொழில். துப்பறிவது, வீட்டில் டி.வி. இல்லாததால். கோபம் வந்தால் வீட்டு மொழியில் திட்டுவாள். அது வீரணனுக்குப் புரியாது. அதனாலேயே இருவருக்கும் நாலு வருசமாக ஒத்துப்போனது.

"கொடி கேஸா? இப்பத்தான் அண்ணே நம்ம நிலையத்துக்கு ஒரு கௌரவமான கேஸு வருது. போன மாசம் ஆடு."

"ஆட்டக் கண்டுபிடிச்சேன்ல?"

"கண்டுபிடிச்சீங்க. பிரியாணி ஆனப்பறம்."

வீரணன் தோள்பையை மாட்டிக்கொண்டான். "வண்டிய நீ ஓட்டு தாயி. எனக்கு முழங்கால் வலி."

தலைமையாசிரியர் சீதாராமன் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு வரும் பயம் எல்லாம் அவருக்கும் வந்திருந்தது. பீரோவைத் திறந்து, கையைத் துண்டில் துடைத்து, கொடியை இரண்டு கையிலும் ஏந்தி வந்து மேசையில் விரித்தார்.

"காவி தியாகம். வெள்ளை சத்தியம். பச்சை செழிப்பு. நடுவுல சக்கரம், இருபத்துநாலு ஆரம். இதை நான் ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன் சார். கப்பல் மூழ்கப்போறதுன்னாத்தான் கொடியைத் தலைகீழா ஏத்துவான்னு ஹிஸ்டரி டீச்சர் சொல்றார். பிரின்சிபால் அரசியல் பண்றார்னு பக்கத்துத் தெருவுல பேசறா. நான் பிரின்சிபாலே இல்லை, ஹெட்மாஸ்டர்!"

"செழிப்பு மேல, தியாகம் கீழ" என்றாள் நாகமணி. "ஊர்ல நடக்குறதத்தான சார் கொடி காட்டியிருக்கு?"

"அம்மா, மெதுவாப் பேசுங்கோ. ஸ்கூல் செயலாளர் அடுத்த ரூம்லதான் இருக்கார்."

"எங்க கடைக்கு வந்து பாருங்க சார். போன வாரம் ஒரு கட்சி உடைஞ்சுச்சு. பழைய கொடியில மஞ்சள் பட்டை நாலு விரக்கடை. புதுசுல அஞ்சு விரக்கடை. அந்த ஒரு விரலுக்கு என்னா அர்த்தம்னு தலைவருகிட்டக் கேட்டேன். 'அதுதாம்மா கொள்கை'ன்னாரு."

வீரணன் குனிந்து கொடியைப் பார்த்தான். நடுவில் வெள்ளைப் பட்டை தெரிந்தது, நீலச் சக்கரம் தெரிந்தது. இரண்டு பக்கமும் இருந்த பட்டைகள் ஒரே மாதிரி, உதிர்ந்த பூவரசு இலையின் நிறத்தில் கிடந்தன. எது காவி, எது பச்சை? அந்த மேசையைச் சுற்றி நின்றவர்களில் அது தெரியாத ஒரே ஆள், அதைக் கண்டுபிடிக்க வந்த ஆள்.

இது உலகத்தில் யாருக்கும் தெரியாத ரகசியம் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். இருபத்தோரு வயதில் ரயில்வே கேட் கீப்பர் வேலைக்கு எழுதி, ஓடி, எடை தூக்கி எல்லாவற்றிலும் தேறினான். கடைசியில் டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்கப் புள்ளி. "இதுல என்ன நம்பர்?" என்றார். களத்தில் கம்பு கொட்டிக் கிடப்பதுபோல இருந்தது. கம்பில் ஏது நம்பர்? "பச்சைக் கொடிக்கும் சிவப்புக் கொடிக்கும் வித்தியாசம் தெரியாதவன் கையில ரயிலைக் குடுக்க முடியாதுப்பா" என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து, "கைகட்டி நிக்கச் சொன்னான், வேலைய மூஞ்சியில எறிஞ்சிட்டு வந்துட்டேன்" என்றான். பிறகு பதினெட்டு வருசம் கீழமாசி வீதியில் மூட்டை தூக்கினான். இடுப்பு போனபின் மூளையை நம்பித் துப்பறிய வந்தான். கை, கால், இடுப்பு என்று வரிசையாகத் தேய்ந்தவனுக்கு மிச்சம் இருந்த உறுப்பு அது ஒன்றுதான். அதிகம் உபயோகிக்காதது.

நிறம் என்பது அவனுக்கு இடம். சிக்னலில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. லாரிக்கு வெளியே நீட்டிய கம்பி நுனியில் ஒரு துணி ஆடினால் அது சிவப்பு. தேசியக் கொடியில் மேலே இருப்பது காவி. மேலேயும் கீழேயும் மாறிவிட்டால் அவன் உலகமே கவிழ்ந்துபோகும்.

போன வருசம் ஒரு பச்சைச் சட்டைக்காரனைப் பின்தொடரச் சொல்லி ஒருவர் வந்தார். மூன்று நாள் விடாமல் பின்னாலேயே போனான். அது சிவப்புச் சட்டை போட்ட இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மூன்றாம் நாள் அந்த ஏஜெண்டே திரும்பி வந்து வீரணனுக்கு ஒரு பாலிசி போட்டுவிட்டுப் போனார்.

"அண்ணே, இங்க பாருங்க" என்று நாகமணி கொடியின் ஓரத்தைத் தொட்டாள். கொடியின் ஒரு பக்கம் நெடுக்கக் கித்தான் துணியில் குழாய்போலத் தைத்திருந்தது. அதற்குள் கயிறு. கயிற்றின் ஒரு முனையில் விரல் நீளத்துக்கு ஒரு மரக்குச்சி. "இந்தக் குச்சி காவியோரத்துல இருக்கணும். கம்பத்துக் கயித்துல மேல மாட்டுறது இதத்தான். இதுல பச்சையோரத்துல இருக்கு."

கண்ணுச்சாமி வாசல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மூன்று நாளில் சட்டை பெரிதாகிவிட்டதுபோல இருந்தார்.

"மாப்ள, கட்டுறப்போ கலரப் பாக்க மாட்டியா?" என்றான் வீரணன்.

"கலர எதுக்கு மச்சான் பாக்கணும்? குச்சி மேல. முப்பத்தோரு வருசமா அதான் வழக்கம். பூவ வெச்சு மடிச்சு முடிச்சுப் போட்டுட்டா கொடி ஒரு பொட்டலம். பொட்டலத்துக்கு ஏது மேல கீழ? குச்சியத்தான் நம்புனேன்."

"குச்சிய யாரோ மாத்திக் கோத்திருக்காக" என்றாள் நாகமணி. "கித்தானப் பிரிச்சுத் திரும்பத் தச்சிருக்கு. மிசின் தையல் இல்ல. கையி."

வீரணன் இன்னும் குனிந்தான். தையலைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. நிறம்தான் தெரியாதே தவிர, சணல் தெரியும்.

"சார், இது சாக்குத் தையல்! கோணி ஊசி, சணல் நூல். மூட்ட வாயைத் தைக்கிறவன் போட்ட தையல். ரெட்ட வளையம் போட்டு இழுத்திருக்கான் பாருங்க. டெய்லர் செத்தாலும் இப்படித் தைக்க மாட்டான்."

சீதாராமன் முதல் முறையாக அவனை மரியாதையோடு பார்த்தார். "யார்னு சொல்லுங்கோ. நாலு மணிக்குள்ள. இல்லேன்னா நான் கையெழுத்துப் போட்டாகணும்."

கொடி கடைசியாக வெளியே போனது எப்போது? ஜனவரி இருபத்தாறு முடிந்ததும் சலவைக்கு என்றார் கண்ணுச்சாமி. பள்ளிக்கூட வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் மொக்கையனிடம் கொடுத்தார். அவன் மடித்துக் கொண்டுவந்து கொடுத்ததை அப்படியே பீரோவில் வைத்தார். ஏழு மாதம் யாரும் தொடவில்லை. மொக்கையன் இன்றைக்குப் பேத்திக்குக் காதுகுத்து என்று திருவாதவூர் போயிருக்கிறான்.

"வண்டிய எடு தாயி" என்றான் வீரணன். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

ஒத்தக்கடை தாண்டியதும் காற்று சூடாக அடித்தது. கண்மாய் வறண்டு கிடந்தது. வீரணன் பின்னால் உட்கார்ந்து, நாகமணியின் காதருகே குற்றவாளியை உருவாக்கிக்கொண்டு வந்தான்.

"ஆளு லோடுமேன். இல்லன்னா லோடுமேனா இருந்தவன். இப்பவும் கோணி ஊசியப் பையில வெச்சுக்கிட்டுத் திரியிறான். பழக்கதோசம்."

"சரிண்ணே."

"பீச்சாங்கைக்காரன். வளையம் எல்லாம் எடது பக்கமா விழுந்திருக்கு."

நாகமணி பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். வீரணன் இடதுகையால் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"அப்புறம்?"

"நூலக் கத்தரியில வெட்டல. கடிச்சிருக்கான். நுனி சப்பிப்போயிக் கெடக்கு. அப்ப முன்பல்லு ஒடைஞ்சவன். எப்பிடி நம்ம கண்டுபிடிப்பு?"

"பிரமாதம். உங்க முன்பல்லு எப்பிடிண்ணே ஒடைஞ்சுச்சு?"

"அது மூட்டக் கொக்கி பட்டு... அத விடு. கவனி. யாரும் கேக்காமலே கடைசியில ரெண்டு தையல் கூடப் போட்டிருக்கான். வேலையில கர்வம். ஆனா குச்சிய மாத்திக் கோத்திருக்கான். அறிவு கம்மி."

"வாயி?"

"வாயி ஜாஸ்தியாத்தான் இருக்கும். பேசிக்கிட்டே தச்சிருப்பான். அதான் தப்பு."

"ஆளு ரொம்பத் தூரத்துல இல்லண்ணே" என்றாள் நாகமணி. "எனக்கென்னமோ மூச்சுக் காத்து மேல படுற தூரத்துல இருப்பான்னு தோணுது."

"அதான் நானும் சொல்றேன். மதுரையிலதான் இருக்கான்."

நாகமணி தன் வீட்டு மொழியில் ஏதோ சொன்னாள். நீளமாக இருந்தது.

திருவாதவூரில் பந்தல் போட்டு, குழாய் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. மொக்கையன் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றான். இருவரையும் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு ஓடிவந்தான்.

"அண்ணே! நீங்களா? பத்திரிகை கூட வெக்கலியே நான். வாங்க, எலையில உக்காருங்க."

"எல இருக்கட்டும் மொக்கையா. ஜனவரி மாசம் பள்ளிக்கூடத்துக் கொடிய யாரு தச்சுக் குடுத்தது? ஒளிக்காமச் சொல்லு. ஆளு லோடுமேன், பீச்சாங்கை, முன்பல்லு இல்ல. எல்லாம் எனக்குத் தெரியும்."

மொக்கையன் அவனையே பார்த்தான். பிறகு நாகமணியைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"என்னண்ணே வெளாட்டு? நீங்கதான தச்சீங்க."

ஸ்பீக்கரில் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு இடைவெளி இருந்தது. சரியாக அந்த இடைவெளியில் சொன்னான்.

"நானா?"

"தொவைக்கிறப்பக் கயித்த உருவிப்புட்டேன். கித்தானும் கிழிஞ்சிருந்துச்சு. டீக்கடையில நீங்க உக்காந்து அந்தக் காளவாசல் நகைக் கேஸ எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தீங்க. 'குடுடா, ஒரு நிமிசம்'னு வாங்கி, பேசிக்கிட்டே தச்சீங்க. நாஞ் சொன்னேன்ல, 'குச்சி காவியோரம் வரணும்ணே'ன்னு. அதுக்கு என்னா சொன்னீங்க? 'எனக்கே பாடம் எடுக்கிறியாடா?'ன்னீங்க. பத்துப் பேரு சிரிச்சாக. நான் கம்முன்னு இருந்துட்டேன்."

வீரணனுக்கு எல்லாம் திரும்பி வந்தது. ஊருக்கெல்லாம் குடையும் பையும் தைத்துக் கொடுக்கிற கை, எதைத் தைத்தோம் என்று நினைவு வைப்பதில்லை. ஆனால் அந்த ஒரு நொடி வந்தது. ஈரத்துணிச் சுருள். இரண்டு முனையும் ஒரே நிறம். 'காவியோரம் எதுடா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள். கேட்கவில்லை. கைக்குப் பக்கத்தில் இருந்த முனையில் குச்சியைக் கோத்துவிட்டு, கர்வத்துக்கு இரண்டு தையல் கூடப் போட்டான்.

கொடி தலைகீழாகப் பறந்ததையும் கண்ணுச்சாமி மேல் பழி விழுந்ததையும் வீரணன் சொன்னதும் மொக்கையன் தலையில் கை வைத்தான். பிறகு கையை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, நான் வேணா வந்து, நான்தான் மாத்திக் கோத்தேன்னு சொல்லிடுறேன். உங்களுக்குத் தொழில் இருக்கு, பேரு இருக்கு. எனக்கென்னா? சட்டையில ஒரு சுருக்கம்னா வாங்குற திட்டுதான். பழகிப்போச்சு."

நல்ல யோசனை. அதுதான் வீரணனுக்கு முதலில் தோன்றியது, வெட்கக்கேடு. திரும்பி வரும் வழியில் ஒத்தக்கடை வரைக்கும் அந்த யோசனை அவனோடு வண்டியில் உட்கார்ந்து வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்ள, கடைசியில் பழி வண்டிக்காரன் தலையில், இஸ்திரிக்காரன் தலையில், மூட்டை தூக்குகிறவன் தலையில் இறங்கும். பதினெட்டு வருசம் அப்படி இறங்கிய தலை அவனுடையது. சாக்கு கிழிந்தால் லோடுமேன், அரிசி குறைந்தால் லோடுமேன். இப்போது தானும் இறக்கி வைக்க ஒரு தலை கிடைத்திருக்கிறது.

"ஏன்ணே பேச்சே இல்ல?" என்றாள் நாகமணி.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"தையலப் பாத்தப்பவே. உங்க பையி வாரப் பாருங்க."

வீரணன் தோளைப் பார்த்தான். பிய்ந்துபோன வாரை அவனே தைத்திருந்தான். ரெட்டை வளையம். சணல்.

"அப்பவே சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க அம்புட்டு ஆசையாத் துப்பறிஞ்சீங்க. கெடுக்க மனசு வரல."

மூன்றே முக்காலுக்குத் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தபோது, சீதாராமன் முன்னால் ஒரு தட்டச்சு செய்த காகிதம் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கண்ணுச்சாமி சுவரோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கொடி மேசை மேல் இருந்தது.

வீரணன் தொண்டையைச் செருமினான். குற்றவாளியை அறிவிக்கும் தருணத்துக்காக நாலு வருசமாக ஒரு வசனம் வைத்திருந்தான். "குற்றவாளி இந்த அறையில்தான் இருக்கிறார்!" ஆட்டுக் கேஸில் அதைச் சொல்ல முடியாமல் போனது. இப்போது சொன்னான்.

சீதாராமன் திடுக்கிட்டுத் தன் நாற்காலியைப் பார்த்தார்.

"நான்தான் சார்."

சீதாராமன் கண்ணாடியைக் கழற்றினார். "சார், நீங்க மிஸ்டர் கண்ணுச்சாமிக்கு மைத்துனர். குடும்பத்துக்காகப் பழியை ஏத்துக்கறேள். நல்ல மனசு. ஆனா செயலாளர் ஒத்துக்க மாட்டார்."

வீரணன் தோள்பையைக் கழற்றிக் கொடியின் பக்கத்தில் வைத்தான். நாகமணி இரண்டு தையலையும் விரலால் தொட்டுக் காட்டினாள். சீதாராமன் மாறி மாறிப் பார்த்தார்.

"தையல் உங்களுதுதான். ஒத்துக்கறேன். ஆனா காவி, பச்சை தெரியாம எப்படி மாத்திக் கோப்பேள்? சின்னக் குழந்தைக்கும் தெரியுமே!"

அங்கேதான் இருந்தது அந்த ரகசியம், இருபத்திரண்டு வருசமாக யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தது. வீரணன் கண்ணுச்சாமியைப் பார்த்தான். அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாது சார். பச்சையும் காவியும் சிவப்பும் எனக்கு ஒண்ணுதான். ரயில்வே வேலைய நான் எறிஞ்சிட்டு வரல. அவுகதான் என்னைய எறிஞ்சாக."

"நிரூபிக்கணுமே" என்றார் சீதாராமன், பாவமாக.

நிரூபிக்க எல்.கே.ஜி. பட்டு டீச்சர் வந்தார், கையில் வண்ண அட்டைகளோடு. இருபது வருசமாகச் சின்னப் பிள்ளைகளோடு இருந்ததில் அவருக்குப் பெரியவர்களிடம் பேசும் குரல் மறந்துபோயிருந்தது. ஒரு அட்டையை உயர்த்தினார்.

"இது என்ன கலர்? நன்னா யோசிச்சுச் சொல்லு கண்ணா."

வீரணன் நன்றாக யோசித்தான். "பச்சை."

"இது?"

"காவி."

"இது?"

"நீலம்."

"குட்!" என்று டீச்சர் கை தட்டிவிட்டார், பழக்கத்தில்.

வேனுக்காகக் காத்திருந்த ஒரு குட்டிப் பெண் கதவு இடுக்கில் தலையை நீட்டினாள். "டீச்சர், இந்த மாமா செவப்பப் பச்சைங்குறாரு. பச்சையக் காவிங்குறாரு. ஒண்ணுதான் கரெக்ட்டு."

செயலாளர், ஹெட்மாஸ்டர், போலீஸ் எல்லோருக்கும் போதுமான தீர்ப்பு அது. நாற்பத்து மூன்று வயதில், சாட்சிகள் முன்னிலையில், எல்.கே.ஜி.யில் தோற்றான் வீரணன்.

சீதாராமன் தட்டச்சுக் காகிதத்தை நாலாக மடித்துக் கூடையில் போட்டார். புதுக் காகிதம் எடுத்து எழுதினார். கொடியின் கயிற்றைப் பழுதுபார்த்தவருக்கு நிறம் பிரித்தறியும் திறன் இல்லை, ஊழியர் கண்ணுச்சாமி வழக்கமான முறையிலேயே கட்டினார், அவர்மேல் குற்றமில்லை. "இங்கே கையெழுத்துப் போடுங்கோ. தொழில் என்னன்னு எழுதணும்?"

வீரணன் ஒரு நொடி யோசித்தான். "முன்னாள் லோடுமேன்னு எழுதுங்க சார். அதுல யாரும் என்னையப் பெயிலாக்கல."

நாகமணி அதற்குள் தையலைப் பிரித்து, கயிற்றை உருவி, குச்சியைக் காவியோரத்துக்கு மாற்றிக் கோத்து, நாலு தையல் போட்டு முடித்திருந்தாள். கண்ணுச்சாமி முன்னால் வந்து கொடியை வாங்கி மடித்தார். பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதைத் திருப்பிக் கேட்க யாரும் வரவில்லை. பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மச்சான்" என்றார்.

"சொல்லு மாப்ள. திட்டணும்னா திட்டு."

"என் கல்யாணத்துக்குச் சாம்பக் கலர் சட்டைன்னு சொல்லி, ரோஸ் கலர் சட்ட எடுத்துட்டு வந்தீகளே. ஊரே சிரிச்சுச்சு. இருபது வருசமா அத நக்கல்னு நெனச்சு மனசுக்குள்ள வெச்சிருந்தேன்."

"அது ரோஸா?" என்றான் வீரணன்.

கண்ணுச்சாமி மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, பட்டு டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து, "மெதுவாக் குடிக்கணும், சரியா?" என்றார்.

சந்துக்குத் திரும்பியபோது மணி ஐந்தரை. நாகமணி வண்டியை ஸ்டாண்டு போட்டாள்.

"உனக்கு அதுவும் முன்னாடியே தெரியுமா?" என்றான் வீரணன்.

"நாலு வருசமா வண்டிய நான்தான ஓட்டுறேன். முழங்கால் வலின்னீங்க. திங்கக்கெழம வலது காலத் தடவுனீங்க, செவ்வாக்கெழம எடது. சிக்னல்ல என் தோளுக்கு மேல எட்டி, மேல எரியுதா கீழ எரியுதான்னு பாத்தீங்க. இன்சூரன்ஸ் ஏஜெண்டு வேற. இம்புட்டும் பாத்தும் கண்டுபிடிக்கலன்னா நான் என்னத்த அண்ணே அசிஸ்டெண்டு?"

வீரணன் படியில் காலை வைத்தான். பிறகு ஏதோ உறைத்து, மெதுவாகத் தலையைத் தூக்கினான். மேலே, வெயிலில், அந்த மொட்டைத் தகரம்.

"நாகமணி."

"சொல்லுங்கண்ணே."

"இந்த போர்டுல... எழுத்து இருக்கா?"

நாகமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஞ்சர் கடைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"பச்சைப் பின்னணி, செவப்பு எழுத்துண்ணே" என்றாள் நாகமணி. "சங்கிலி அண்ணன் கை வேலை. மஞ்சனக்காரத் தெரு முக்குல நின்னாலே தெரியும். கடைசியில ஒரு பூதக்கண்ணாடி கூட வரைஞ்சிருக்காரு, அம்புட்டு அழகா."

வீரணன் அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். நாலு வருசம். நடுத்தெருவில் வைத்துத் திட்டினான். அந்த மனுசன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசாமல், பிரஷைக் கழுவிக்கொண்டு போனது இப்போது கண்ணில் வந்தது.

"சங்கிலி இப்ப வீட்டுலதான இருப்பான்?"

"இருப்பாரு. ஆனா சும்மாப் போனா வாளியத் தூக்கி அடிப்பாரு. ஒரு கொடி புடிச்சுட்டுப் போங்க. நானே தச்சுத் தாரேன்."

"எந்தக் கொடி?"

"வெள்ளைதான். அது ஒண்ணுதான் உங்க கையில எப்பிடிப் புடிச்சாலும் தப்பாது."